கிணறும் வயலும்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் ஐந்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். மூன்று பேர் குடிநீரையும் குளத்தையும் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், இருவர் பயிரைப் பற்றி. வயலில் இடுவது கிணற்றில் வந்து சேரும் நிலம் இது என்பதால் இரண்டையும் பிரித்து எழுத மனம் ஒப்பவில்லை.

கேள்வி: ஐந்து சென்ட் நிலத்தில் எங்கள் வீடும் உறைக்கிணறும் உள்ளன. மழை வந்தால் கிணறு கலங்குகிறது. குழந்தைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போட வேண்டும்? அது மட்டும் போதுமா?
— வாசகி ஒருவர், அருமனை

பதில்: முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன் அம்மா. ஆயிரம் லிட்டர் நீருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் ஏறத்தாழ 2.5 கிராம் வேண்டும். கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, பிறகு நீரின் ஆழத்தாலும் 785 என்ற எண்ணாலும் பெருக்கினால் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பது தெரியும். விட்டம் 1.8 மீட்டர், நீர் 3 மீட்டர் என்றால் சுமார் 7,600 லிட்டர். அதற்கு 19 கிராம் போதும். கையால் அள்ளித் தூவுவது வழக்கமாகிவிட்டது, ஆனால் அது தவறு. பவுடரை ஒரு வாளியில் சிறிது நீர்விட்டுக் குழைத்து, மேலும் நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் வேறு வாளியில் இறுத்துக் கிணற்றுக்குள் இறக்கி, வாளியை மேலும் கீழும் அசைத்துக் கலக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு கிணற்றுக்குள் போகக் கூடாது. இரவில் செய்துவிட்டுக் காலையில் இறைப்பது நல்லது. நீர் கலங்கியிருக்கும்போது குளோரினின் வலு அந்தக் கலங்கலிலேயே தீர்ந்துவிடும். ஆகவே கலங்கல் அடங்கும் வரை காத்திருங்கள். அதுவரை குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள்.

இது போதுமா என்று கேட்டீர்கள். போதாது. பவுடர் கிருமியைக் கொல்லும், கிருமி வரும் வழியை அடைக்காது. ஐந்து சென்ட் என்பது ஒரு பக்கத்துக்கு நாற்பத்தாறு, நாற்பத்தேழு அடி வரும் ஒரு சதுரம். கழிப்பறைக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 10 மீட்டருக்கு, அதாவது 33 அடிக்குக் குறையாத தூரம் வேண்டும் என்பது பொதுவான விதி. துளைகள் நிறைந்த செந்நிறக் கல் உள்ள உங்கள் பகுதியில் அதற்கு மேலும் இருந்தால் நல்லது. உங்கள் குழியைத் தள்ளி அமைத்தாலும் பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றுக்கு அருகில் இருக்கக்கூடும். ஆகவே இதை ஒரு வீட்டார் தனியாகத் தீர்த்துக்கொள்ள முடியாது. நான்கைந்து வீட்டார் சேர்ந்து, மேட்டில் இருக்கும் ஒரு கிணற்றைக் குடிநீருக்கென்று ஒதுக்கி, அதைச் சுற்றி வெளிப்புறம் சரிந்த சிமென்ட் தளமும் கைப்பிடிச் சுவரும் கட்டி, மேலிருந்து மூன்று மீட்டர் வரை உறைகளின் இணைப்புகளைச் சிமென்டால் அடைத்துவிடுவது, ஆளுக்கொரு வடிகட்டி வாங்குவதைவிடச் செலவு குறைந்தது, பயன் மிகுந்தது. தூரத்தைக் கடைப்பிடிக்கவே இடமில்லாத வீட்டில் குழியின் அடியை அடைத்து, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு மணல் நிரப்பிக் கட்ட வேண்டும்.

இன்னொன்று உண்டு. கழிப்பறைக் குழியிலிருந்தும் வாழைக்கு இடும் யூரியாவிலிருந்தும் நைட்ரேட் நீரில் இறங்கும். லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது இந்தியத் தர எல்லை. அதற்கு மேல் போனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஆபத்து. அதைக் கொதிக்க வைத்துப் போக்க இயலாது. நீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடவே செய்யும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் செலுத்தி நீரைச் சோதித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கேள்வி: எங்கள் கிணறு ஆண்டுக்காண்டு உப்புக் கரிக்கிறது. இன்னும் ஆழமாகத் தோண்டினால் நல்ல நீர் வருமா?
— வாசகர் ஒருவர், தேங்காய்ப்பட்டணம்

பதில்: வராது ஐயா, உப்புதான் சீக்கிரம் வரும். கடலோர மணலில் நல்ல நீர், உப்பு நீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல நீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை உப்பை அழுத்தி வைத்திருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு முழம் குறைந்தால் கீழிருந்து நாற்பது முழம் உப்பு ஏறும். ஆழ்துளைக் கிணறும் ஓயாத மோட்டாரும் செய்வது அதைத்தான். மணல் அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்துபோனால் குழித்துறைத் தாமிரபரணியின் முகத்துவாரம் வழியே கடல் இன்னும் உள்ளே வரும். இதைத் தனி வீட்டார் தடுக்க முடியாது.

உங்களால் முடிவது மழைநீர். 500 சதுர அடி ஓட்டுக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், சிந்தியது போக 370 லிட்டர் சேரும். இரு பருவமழையும் பெறும் மாவட்டம் என்பதால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை தாக்குப்பிடித்தால் போதும். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 லிட்டர் என்றால் 3,000 லிட்டர்த் தொட்டி. முதல் மழையின் அழுக்கை வெளியே விட ஒரு தனிக் குழாய், மூடிய தொட்டி, கொசு புகாத வலை, இவ்வளவே. குளிக்கவும் துவைக்கவும் கிணற்று நீரே இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் குளத்தைத் தூர்வார வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்கிறோம். தூர்வாரிவிட்டால் பிரச்சினை தீருமா?
— வாசகர் ஒருவர், தேரூர்

பதில்: நீர் வரும் வரத்துக்காலும் மிகுநீர் வெளியேறும் மறுகாலும் அடைந்து கிடக்கும்போது குளத்தின் நடுவில் மட்டும் தோண்டுவதில் பயன் இல்லை. அடிக்களியை உடைக்கும் அளவுக்குத் தோண்டினால் நீர் நிற்கவே நிற்காது. வண்டல் அள்ள முறையாக அனுமதி பெற்று, அதை அந்தக் குளத்துநீர் பாயும் ஆயக்கட்டு வயல்களுக்கே கொண்டு செல்லுங்கள். மண்ணுக்கு உரமும் ஆகும், குளமும் ஆழமாகும். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலமும் வேம்பன்னூரும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பெருமையால் ஆகாயத்தாமரை அழிந்துவிடாது; வயலின் உரநீரும் ஊரின் சாக்கடையும் குளத்தில் விழும் வரை அதற்குத் தீனி இருந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: இரண்டு ஏக்கர் குத்தகை நிலம், கடைமடை. சானல் தண்ணீர் முறைவைத்துத்தான் வருகிறது. ஒற்றை நாற்று நடும் திருந்திய நெல் சாகுபடி எங்களுக்கு ஒத்துவருமா?
— வாசகர் ஒருவர், தோவாளை

பதில்: முதல் போகமான கன்னிப்பூவுக்கு ஒத்துவரும், ஐப்பசி மழையில் வரும் இரண்டாம் போகமான கும்பப்பூவுக்கு நிலத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளைத் திறந்தாலும் கடைமடைக்கு நீர் சேரத் தாமதமாகும் என்பதை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். இந்த முறையில் வயலில் எப்போதும் நீர் நிறுத்த வேண்டியதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் போதும். துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வயலில் புதைத்து வைத்து, உள்ளே நீர் மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சலாம். பூக்கும் தருணத்தில் மட்டும் நீர் குறையக் கூடாது. விதையும் ஏக்கருக்கு மூன்று கிலோ போதும். வழக்கமான நடவில் அது இருபதைத் தாண்டும்.

ஆனால் பதினான்கு நாள் நாற்றை ஒற்றையாக நட்ட வயலில் ஐப்பசி அடைமழை தேங்கினால் பயிர் எழுந்து நிற்காது. உங்கள் வயல் பள்ளமா, வடியுமா என்று பாருங்கள். வடியாத வயல் என்றால் கும்பப்பூவுக்குப் பழைய முறையே நல்லது. புதியது என்பதற்காக எல்லாப் பூவிலும் அதையே செய்ய வேண்டும் என்று எவரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

நீர் நிற்காத வயலில் களை மிகும். நட்ட பத்தாம் நாளிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை கோனோவீடர் என்னும் உருளைக் களைக்கருவியை உருட்டியாக வேண்டும். இதனால் குனிந்து களை பறிக்கும் பெண்களின் முதுகுக்கு ஓய்வு. அவர்களின் கூலிக்கும் ஓய்வு. இந்த இரண்டாவதைப் பயிற்சி வகுப்புகளில் எவரும் பேசிக் கேட்டதில்லை. கருவியை அவர்களிடமே கொடுத்துக் கூலி பேசுவது நியாயம் என்பது என் எண்ணம். முதல் முறை அரை ஏக்கரில் மட்டும் செய்து பாருங்கள். திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையம் உங்களுக்கு அருகில்தான். எந்த ரகம் என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். பயிர்க் காப்பீடு செய்யும்போது கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் வாங்க மறக்க வேண்டாம். குத்தகைதாரர் பலர் இழப்பீட்டை இழப்பது அந்த ஒரு தாள் இல்லாமல்தான்.

கேள்வி: எங்கள் மகளிர் சுயஉதவிக் குழு அறுபது சென்டைக் குத்தகைக்கு எடுத்து, ரசாயனம் இல்லாமல் மட்டி வாழையும் காய்கறியும் செய்கிறது. கடைக்காரர் கூடுதல் விலை தர மறுக்கிறார். சான்றிதழ் வாங்கினால் விலை கூடுமா?
— குழுத் தலைவி ஒருவர், திருவட்டாறு

பதில்: கன்னியாகுமரி மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. அதனால் விலை தானாக ஏறிவிடாது. குறியீட்டைப் பயன்படுத்தும் உற்பத்தியாளராகப் பதிவு செய்துகொண்டால்தான் அதைப் பொருளின் மேல் ஒட்டும் அட்டையில் போட முடியும். இயற்கை விளைபொருள் என்பதற்குப் பங்கேற்பு உத்தரவாத முறை என்று ஒன்று உண்டு. குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழுவாகி ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டு உறுதி சொல்லும் ஏற்பாடு அது. தனியாருக்குச் செலுத்தும் பெருங்கட்டணம் இல்லை. காய்கறிக்கு இரண்டு ஆண்டும் பல்லாண்டுப் பயிருக்கு மூன்று ஆண்டும் ரசாயனம் விட்டு இயற்கைக்கு மாறும் மாற்றுக் காலம் என்பதால், நிலத்தை ஓராண்டுக் குத்தகைக்கு வைத்துக்கொண்டு இதில் இறங்காதீர்கள். நிலக்காரரிடம் ஐந்தாண்டுக்கு எழுதி வாங்கிய பிறகு தொடங்குங்கள்.

கூடுதல் விலையை நம்பிக் கணக்குப் போடாமல், யூரியாவுக்கும் மருந்துக்கும் கொடுக்காமல் மிச்சமாகும் பணத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். வாழைக்கு இடையில் பயறும் சேனையும் சேம்பும் வைத்தால், தார் வெட்டும் வரை வீட்டுக்கு ஏதாவது வந்துகொண்டிருக்கும். வடசேரி உழவர் சந்தையில் விவசாயி அடையாள அட்டை வாங்கி நேரடியாக விற்றால், கடைக்காரரிடம் விலை கேட்டு நிற்க வேண்டாம். பசுஞ்சாணக் கரைசலைக் கிணற்றுக்கு அருகில் வைத்துத் தயாரிக்காதீர்கள். மழைநீர் கிணற்றை நோக்கி ஓடாத பக்கத்தில் வையுங்கள்.

ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமந்தோறும் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி தருவதற்கு ஏற்பாடு உண்டு. உங்கள் குழுவிலிருந்து இருவரை அதற்கு அனுப்புங்கள். கிணற்று முடிவுகளை ஒரு நோட்டில் எழுதி, மார்ச் 22 கிராமசபையில் தீர்மானத்தோடு சேர்த்து வாசித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். எழுத்தில் பதிவான எண்ணை மறுப்பது அலுவலகத்துக்கு எளிதல்ல.