பொருளாதாரத்தில் ஒரு பிரதமருக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

கேள்வி: டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குடியிருப்புத் தமிழர்களிடையே மன்மோகன் சிங்கா, மோடியா என்று ஓயாத வாக்குவாதம். பொருளாதாரத்தில் யார் தேவலை என்று எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு, வளரும் விகிதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினால் இந்த வழக்கு தீராது. பிரதமர் எடுத்த முடிவு எது, அவர் காலத்தில் தானாக நடந்தது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

கச்சா எண்ணெயில் இது பளிச்சென்று தெரியும். இந்தியா வாங்கும் எண்ணெயின் சராசரி விலை 2013-14இல் பீப்பாய்க்கு 105 டாலருக்கு மேல். 2015-16இல் 46 டாலர். ஏறியதற்கு ஒருவரைத் திட்டுவதும் இறங்கியதற்கு இன்னொருவரைப் புகழ்வதும் ஒரே தவறுதான். அந்த விலையை வைத்துக்கொண்டு யார் என்ன செய்தார் என்று கேளுங்கள். மன்மோகன் அரசு எண்ணெய் நிறுவனங்களின் நஷ்டத்தில் ஒரு பகுதியை ரொக்கமாகத் தராமல் கடன் பத்திரமாகத் தந்தது. அதை அடைக்கும் கெடு 2026 வரை நீண்டது. மோடி அரசு விலை இறங்க இறங்க மத்திய அரசின் வரியான கலாலை ஏற்றியது. பெட்ரோல் லிட்டருக்கு 2014 ஏப்ரலில் 9.48 ரூபாயாக இருந்த வரி 2020 மே மாதம் 32.98 ஆனது. பிறகு 2021, 2022இல் குறைத்து 19.90க்குக் கொண்டுவந்தார்கள்.

டெல்லி பங்க் விலை எப்படி உருவாகிறது என்று இந்தியன் ஆயில் ஒரு பட்டியல் வெளியிடுகிறது: அடக்க விலை, கலால், டீலர் கமிஷன், மாநில வரியான வாட். கலால் என்று அதில் ஒரே வரியாக இருப்பதைப் பிரித்தால்தான் விஷயம் புரியும். அந்த 32.98இல் அடிப்படைக் கலால் வெறும் 2.98. மாநிலங்களுக்குப் பங்கு அதிலிருந்துதான். மீதி 30 ரூபாய் செஸ்ஸாகவும் (ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று போடும் வரி) கூடுதல் வரியாகவும் மத்திய அரசிடமே தங்கிவிடும். என் கணக்கில் இரண்டு அரசுக்கும் இங்கே மதிப்பெண் குறையும்: ஒன்று பாரத்தைப் பின்னால் வருபவர்கள் தலையில் வைத்தது, மற்றது மாநிலங்களின் பங்கைச் சுருக்கியது. இதை யாரும் பேசாதது எனக்குப் பெரிய ஆதங்கம்.

அடுத்து, விகிதத்தை விட்டுத் தொகையைப் பாருங்கள். 2021 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் 20.1 சதவீத வளர்ச்சி என்று அறிவித்தார்கள். விலையேற்றம் கழித்த ஜிடிபி அப்போது 32.38 லட்சம் கோடி. கொரோனா பூட்டிவைத்த முந்தைய ஆண்டின் அதே காலாண்டில் 26.95 லட்சம் கோடி. 2019இலோ 35.66. ஆக, இருந்த இடத்துக்கே இன்னும் திரும்பவில்லை. அடிப்படை ஆண்டு, அதாவது எந்த வருட விலையை வைத்து ஜிடிபியைக் கணக்கிடுகிறார்களோ அது, மாறும்போதும் கவனம் வேண்டும். 2015 ஜனவரியில் கணக்கிடும் முறையோடு அது 2011-12க்கு மாறியபோது, 4.7 சதவீதமாக இருந்த 2013-14 வளர்ச்சி 6.9 ஆனது. பழைய தொடரின் எண்ணையும் புதிய தொடரின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கணக்கே தப்பு.

பட்ஜெட் சுருக்க ஆவணத்தில் எண்கள் நாலு நெடுவரிசையாக இருக்கும். முதல் நெடுவரிசையான 'ஆக்சுவல்ஸ்'தான் உண்மை வரவு செலவு. இரண்டு வருடம் பிந்தித்தான் வரும், காத்திருக்கலாம். 2008-09 நிதிப் பற்றாக்குறை, அதாவது வரவை மிஞ்சி அரசு கடன் வாங்கிச் செலவழிப்பது, ஜிடிபியில் 2.5 சதவீதம் என்று பட்ஜெட்டில் சொன்னார்கள், 6 சதவீதத்தை ஒட்டி முடிந்தது. விவசாயக் கடன் தள்ளுபடியும் ஆறாவது சம்பளக் கமிஷனும் அரசின் முடிவு; உலக நெருக்கடி அவர்கள் கையில் இல்லை. 2019-20இல் 3.3 என்றது 4.6 ஆனது. அந்த செப்டம்பரில் கம்பெனி வரியை 30இலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தது முழுக்க அரசின் முடிவு.

பலன் தாமதமாகும் என்பதும் உண்டு. 1991 ஜூலையில் நரசிம்ம ராவ் அரசு ரூபாய் மதிப்பைக் குறைத்தது, தொழில் உரிமங்களைப் பெரும்பாலும் ஒழித்தது. அந்த நிதியாண்டின் வளர்ச்சி 1.5 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மூன்று வருடம் கழித்து 6 சதவீதத்தைத் தாண்டியது.

வேலை விஷயத்தில் வேலையின்மை விகிதம் மட்டும் போதாது. கரோல்பாகில் அப்பாவின் கடையில் சம்பளமில்லாமல் கைகொடுக்கும் பையனையும் அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு வேலையில் இருப்பவனாகவே எண்ணும். அதே அறிக்கையில் மாதச் சம்பளக்காரர்களின் பங்கு தனியாக இருக்கிறது. ஒவ்வொருவர் ஆட்சியிலும் அது ஏறியதா இறங்கியதா என்று பாருங்கள்.