பன்றி விலாவை வீட்டிலேயே மென்மையாக வாட்டுவது எப்படி?

கடையில் விற்கும் பாட்டில் பார்பெக்யூ சாஸ் இல்லாமல், எலும்பிலிருந்து கழன்று விழும் அளவுக்கு மென்மையான பார்பெக்யூ பன்றி விலாவை வீட்டிலேயே செய்ய முடியுமா என்றும், தாங்கள் வாட்டும்போது மேலே கரிந்தும் உள்ளே கடிக்க முடியாமலும் போவது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் தீபாவளிக்கு மறுநாளும், வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போதும் இதைச் செய்வது வழக்கம். பெரிய ஓவனோ புகைப்பெட்டியோ இதற்குக் கட்டாயமில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விலாவின் மென்மை கரி நெருப்பில் வருவதில்லை. நெருப்புக்குப் போகும் முன்பே அது வந்துவிட வேண்டும். விலா எலும்புகளுக்கு இடையில் உள்ள சதை, மூச்சுவிடும்போதெல்லாம் உழைக்கும் சதை என்பதால், அதில் கொலாஜன் எனப்படும் கெட்டியான இணைப்புத் திசு நிறைந்திருக்கிறது. ஏறக்குறைய 70 டிகிரி செல்சியஸுக்கு மேல், ஈரப்பதத்தோடு நெடுநேரம் வைத்திருந்தால்தான் அது ஜெலட்டினாகக் கரையும். உட்புறம் 63 டிகிரியைத் தொட்டு, பிறகு 3 நிமிடம் ஆறவிட்ட முழுத்துண்டுப் பன்றி இறைச்சி உண்பதற்குப் பாதுகாப்பானதுதான் என்றாலும், விலா மென்மையாவதற்கு உட்புறச் சூடு 90 முதல் 95 டிகிரி வரை மெதுவாக ஏற வேண்டும். நேரடி நெருப்பில் வைத்தால் அந்தச் சூட்டை எட்டுவதற்குள் மேற்புறம் கரியாகிவிடும். உங்களுக்கு நேர்ந்தது இதுதான்.

இறைச்சி வாங்கும்போதே கவனம் வேண்டும். நம் ஊர் மார்க்கெட்டில் பன்றி விற்கும் தனிப்பகுதியில் விலாவைக் கேட்டால், சூப்புக்குத்தான் என்று எண்ணி விரலளவு துண்டுகளாகக் கொத்தி விடுவார்கள். கத்தியை ஓங்குவதற்கு முன்பே, "தவுக்கே, ஜாங்ஙான் போத்தோங்" (முதலாளி, வெட்டாதீர்கள்) என்று மலாயில் சொல்லி, வெட்டாமல் முழுப் பலகையாக வாங்கிக்கொள்ளுங்கள். முதுகெலும்பை ஒட்டிய குட்டை விலாவில் கொழுப்புக் குறைவு, சீக்கிரம் வெந்துவிடும். வயிற்றுப் பக்கத்து நீண்ட விலாவில் கொழுப்பு அதிகம், நேரமும் அதிகம் பிடிக்கும், ஆனால் சுவையில் அதுவே மேல் என்பது என் முடிவு. நான்கு பேருக்கு ஒன்றரை கிலோ போதும்.

எலும்புப் பக்கத்தில் மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒன்று ஒட்டியிருக்கும். அது எவ்வளவு வேகவைத்தாலும் கரையாது, மசாலாவையும் உள்ளே விடாது. கரண்டிக் காம்பை ஓர் ஓரத்து எலும்புக்கும் சவ்வுக்கும் நடுவில் நுழைத்துச் சற்றே கிளப்பி, வழுக்காமல் இருக்க உலர்ந்த துணியால் பிடித்து இழுத்தால், பெரும்பாலும் ஒரே இழுப்பில் முழுதாக உரிந்து வரும். பிறகு இரண்டு தேக்கரண்டி உப்பு, ஒன்றரைத் தேக்கரண்டி சரவாக் மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி வீதம் சீரகத்தூளும் சோம்புத்தூளும், இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள் ஆகியவற்றைக் கலந்து இரண்டு பக்கமும் தேய்த்து, இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வையுங்கள். ஆட்டிறைச்சிக்குச் செய்வதுபோலப் பச்சைப் பப்பாளி அரைத்துப் பூசச் சிலர் சொல்வார்கள். இதற்கு அது வேண்டாம். அதிலுள்ள பப்பேயின் என்னும் நொதி மேற்பரப்பை மாவுபோலக் குழைத்துவிடுமே தவிர, உள்ளே சரியாக இறங்காது.

ஓவன் இருந்தால், விலாவை அலுமினியத் தாளில் இரட்டையாக, காற்றுப் போகாதபடி பொதிந்து, 140 டிகிரியில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் வையுங்கள். குட்டை விலாவுக்கு இரண்டு மணி நேரம் போதும். ஓவன் இல்லாவிட்டால், பலகையை இரண்டாக வெட்டி, ஒரு தட்டில் வைத்து, பெரிய இட்லிப் பானையில் ஒன்றே கால் முதல் ஒன்றரை மணி நேரம் ஆவியில் வேகவையுங்கள். பானையில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீரில் போட்டு நேரடியாகக் கொதிக்கவைப்பதை மட்டும் செய்யாதீர்கள். இறைச்சியின் சுவையும் இரவெல்லாம் ஊறிய உப்பும் தண்ணீருக்குப் போய்விடும். தாளிலோ தட்டிலோ தேங்கும் சாற்றைக் கொட்டிவிடாமல், மேலே மிதக்கும் கொழுப்பை நீக்கி எடுத்து வையுங்கள், சாஸுக்கு அது உயிர்.

அமெரிக்காவில் சாஸ் ஊருக்கு ஊர் மாறுகிறது. கன்சாஸ் சிட்டியில் தக்காளியும் வெல்லப்பாகும் சேர்ந்து தடித்து இனிப்பாக இருக்கும். வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் வினிகரும் மிளகாயும் மட்டுமே. மெம்பிஸில் சாஸே இல்லாமல் உலர் மசாலாவோடு பரிமாறும் வழக்கமும் உண்டு. நான் செய்வது முதல் வகையைச் சார்ந்தது, ஆனால் பொருள்கள் நம் அடுப்படியில் உள்ளவை. இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் பொடியாக நறுக்கிய எட்டு சின்ன வெங்காயம், ஐந்து பல் பூண்டு, சிறு துண்டு இஞ்சி ஆகியவற்றைப் பொன்னிறமாக வதக்கி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது ஒரு மேசைக்கரண்டி சேர்த்து, எண்ணெய் பிரிந்து பச்சை வாடை போகும் வரை கிளறுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் சாஸ் முழுவதிலும் மிளகாயின் பச்சை நெடி தங்கிவிடும். அதன்பின் ஒரு கப் தக்காளி சாஸ், 100 கிராம் கூலா மலாக்கா (பனைவகை வெல்லம்), கரைத்த கெட்டிப் புளி கால் கப், வினிகர் ஒரு மேசைக்கரண்டி, கறுப்பு கிச்சாப் (சோயா சாஸ்) இரண்டு மேசைக்கரண்டி, எடுத்து வைத்த இறைச்சிச் சாறு ஆகியவற்றை ஊற்றிச் சிறுதீயில் இருபது நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும், அதுவே பதம். கிச்சாப்பிலும் தக்காளி சாஸிலும் ஏற்கெனவே உப்பு இருப்பதால், கடைசியில் சுவைத்துப் பார்க்காமல் உப்புச் சேர்க்காதீர்கள்.

கரியைப் பொறுத்தவரை பேராக்கில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கோலா செப்பத்தாங்கில் மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் பக்காவ் என்னும் சதுப்புநில மரத்தைக் கொண்டு சூளைகளில் செய்யும் கரி கெட்டியானது, நெடுநேரம் எரிவது, புகை குறைவு. அது கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டாம். ரப்பர் விறகு நம் தோட்டத்து வீடுகளுக்குப் பழக்கமானதுதான். ஆனால் மேசை நாற்காலிப் பட்டறைகளில் கிடைக்கும் ரப்பர் பலகைத் துண்டுகள் பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றப்பட்டவை என்பதால், உணவு வாட்ட அவற்றை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். கரி சாம்பல் பூத்து, தீநாக்கு முழுவதும் அடங்கிய பிறகே விலாவை வையுங்கள். முதலில் சாஸ் இல்லாமல் இரண்டு பக்கமும் நிறம் ஏறட்டும். பின்பு செராய் (எலுமிச்சைப்புல்) தண்டின் அடியை நசுக்கித் தூரிகையாக்கி, குச்சியில் குத்தி வாட்டும் சாத்தே இறைச்சிக்குத் தடவுவதுபோலச் சாஸை மெல்லிதாகத் தடவித் திருப்பி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு மறுபடி தடவுங்கள். மூன்று பூச்சு போதும். தொடக்கத்திலேயே தடவினால் வெல்லம் கரிந்து கசக்கும்.

பன்றியை வீட்டுக்குள் சமைக்காத குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அவர்கள் தனிப்பானையில், பின்கட்டிலேயே எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம் என்பதால் இந்த முறை அவர்களுக்கும் ஒத்துவரும். பக்கத்து வீட்டில் இஸ்லாமியர் இருந்தால், புகை அவர்கள் பக்கம் போகாத இடமாகப் பார்த்து அடுப்பை வைப்பது நல்லது.

கழன்று விழ வேண்டும் என்று கேட்டீர்களே, அந்த அளவுக்குப் போகாதீர்கள் என்றே சொல்வேன். அமெரிக்கப் பார்பெக்யூ போட்டிகளில் எலும்பிலிருந்து தானாக விழும் விலாவை அளவுக்கு மீறி வெந்தது என்றே கருதுவார்கள். கடித்த இடம் மட்டும் சுத்தமாகப் பிரிந்து, மற்ற சதை எலும்பில் நிற்க வேண்டும். எலும்பு நுனிகள் அரை அங்குலம் வெளியே தெரிவதும், பல்குச்சியைச் சதையில் குத்தினால் தடையின்றி இறங்குவதும் சரியான பதத்தின் அடையாளம். அதற்கு மேல் வெந்துவிட்டால் கம்பியில் திருப்பும்போதே உடைந்து கரியில் விழும்.

வாட்டி எடுத்தபின் பத்து நிமிடம் மூடி வைத்து, எலும்புகளுக்கு இடையில் வெட்டிப் பரிமாறுங்கள். இறைச்சியில் பட்ட சாஸை மீண்டும் புட்டியில் ஊற்றாமல், தடவுவதற்குத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டால், மிச்சம் இருப்பது குளிர்பெட்டியில் ஒரு வாரம் கெடாமல் இருக்கும். அதைச் சூடான வெள்ளைச் சோற்றோடும் பொரித்த முட்டையோடும் சேர்த்துக்கொள்ளலாம்.