ஃபிட்டர் அப்பாவும் குயில் தேடலும்

அண்ணா, மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் படிக்கிற மகள் புராஜெக்டுக்கு 'குயில் தேடல்' என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறையை எழுதிக் கொடுத்துவிட்டாள், இதற்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று ஆத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து கேட்டீர்கள். அன்று கூட்டம். அரைகுறையாகச் சொல்லி அனுப்பியது மனசுக்கு ஒப்பவில்லை.

கிழங்கு சீசனில் உங்கள் சேகோ (ஜவ்வரிசி) பேக்டரியில் கழுவும் டிரம், அரவை மெஷின், சல்லடை மூன்றும் வரிசையாக ஓடணும். ஒன்று நின்றால் எல்லாம் நின்றது. ஒரு ஷிப்ட் பழுதில்லாமல் ஓடும் வாய்ப்பு டிரம்முக்கு 0.95, அரவைக்கு 0.80, சல்லடைக்கு 0.90 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 0.68தான். ஒன்று நின்றாலும் மற்றது ஓடும்படி அரவைக்கு ஜோடியாக இன்னொன்று போட்டால் 0.82. அதே ஜோடியைச் சல்லடைக்குப் போட்டால் 0.75. காசை எங்கே போடணும் என்று உங்கள் கைக்கே தெரியும்.

பெரிய ஆலையில் 20 இடம், ஒவ்வொன்றிலும் 1 முதல் 4 மெஷின் வரை வைக்கலாம் என்றால், ஒரு லட்சம் கோடிக்கு மேல் வழி. செலவு, எடை, இடம் என்று கட்டுப்பாடு வேறு. ஒவ்வொன்றாகப் பார்த்து முடியாது. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவதை வைத்து 2009-ல் ஜின்-ஷி யாங், சுவாஷ் டெப் இருவரும் ஒரு வழி சொன்னார்கள். முட்டை ஒவ்வொன்றும் எந்த இடத்தில் எத்தனை மெஷின் என்கிற ஒரு திட்டம். நல்லது தங்கும், மோசமான கூடுகளில் ஒரு பங்கு கலையும். தேடல் சின்னச் சின்னதாக நகர்ந்து, திடீரென்று தூரமாகத் தாவும். ஏற்காட்டு மூடுபனியில் ஒரு மேட்டில் நின்றுகொண்டு இதுதான் உச்சி என்று ஏமாறாமல் இருக்கத்தான் அந்தத் தாவல். கிடைப்பதுதான் ஆகச் சிறந்தது என்று உத்தரவாதம் கிடையாது. நல்ல விடை சீக்கிரம் கிடைக்கும்.

குயில் தேடல் என்ற பெயருக்காக மட்டும் யாரும் வேலை தரமாட்டார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அனல்மின் நிலையம், உருக்காலை, ரயில்வே என்று மெஷின் நின்றால் நஷ்டம் ஆகிற எல்லா இடத்திலும் மெஷின் பழுதில்லாமல் ஓடும் வாய்ப்பைப் பார்க்கிற இந்த நம்பகத்தன்மைக் கணக்கு தெரிந்தவருக்கு வேலை உண்டு. பாப்பா நிகழ்தகவு, வெய்புல் பரவல் (ஒரு பாகம் எத்தனை நாள் தாங்கும் என்று கணிக்க உதவும் சூத்திரம்), பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி மூன்றையும் ஆழமாகப் படிக்கட்டும். கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதினால் ஐஐடி கரக்பூரில் இதற்கென்றே எம்.டெக். இருக்கிறது. குயில் போலவே ஓநாய், வௌவால் பெயரிலும் தேடல் முறைகள் உண்டு, அப்படிப் புதுசாக ஒரு மிருகத்தைத் தேடி அலைய வேண்டாம்; எல்லாக் கணக்குக்கும் பொருந்துகிற ஒரே முறை இல்லை என்று 1997-லேயே நிரூபித்துவிட்டார்கள். சாதாரண முறையோடு ஒப்பிட்டுக் காட்டினால் அதற்குத்தான் மதிப்பு.

அன்று நீங்கள் எடுத்த டைரியைப் பார்த்தேன். கிரீஸ் கறை படிந்த பக்கத்தில் பேரிங் மாற்றிய தேதி, அதன் கீழேயே பாப்பாவின் பீஸ் கட்டும் தேதி. அந்த டைரியை அவளிடம் கொடுங்கள் அண்ணா. எந்த பேரிங் எத்தனை நாள் ஓடியது என்ற கணக்கு அவளுக்கு வேறு எங்கும் கிடைக்காது. செவ்வாய்க்கிழமை கூட்டம் இருக்காது, அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.