புது மஸ்டாங் ஒன்றரைக் கோடிக்குக் கிடைக்குமா?

ஆம்பூரில் தோல் ஷூ ஏற்றுமதி செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஃபோர்டு அடுத்துக் கொண்டுவரப்போகும், சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளிச் சக்தி கூட்டும் கருவி) பொருத்திய மஸ்டாங்கை ஆன்ரோடு ஒன்றரைக் கோடிக்கு இறக்கித் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார், பத்து லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். கம்பெனியே விலை சொல்லாத வண்டிக்கு இவர் சொல்வதை நம்பலாமா?"

அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அந்த விலைக்கு அந்த வண்டி நேர்வழியில் வராது.

அறிவிக்காத விலையைக் கணிப்பதில் தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் குதிரைத்திறனை வைத்துக் கணித்தால் ஏமாந்துபோவோம். 2018 டாட்ஜ் டீமன் ரேஸ் பெட்ரோலில் 840 குதிரைத்திறன், விலை சுமார் 85,000 டாலர். மஸ்டாங் ஜிடிடி அதைவிடக் குறைவு, 815தான், விலையோ 3 லட்சம் டாலருக்கு மேல். அதனால் ஃபோர்டின் முந்தைய சூப்பர்சார்ஜர் மஸ்டாங்கையும் இப்போது ஒரு படி கீழே நிற்கும் வண்டியையும் பாருங்கள். 760 குதிரைத்திறன் கொண்ட 2020 ஷெல்பி ஜிடி500, 72,900 டாலரில் தொடங்கியது. சூப்பர்சார்ஜர் இல்லாத மஸ்டாங் டார்க் ஹார்ஸே 2024இல் 60,000 டாலரைத் தொட்டுவிட்டது, இடையில் அமெரிக்காவில் கார் விலை மொத்தமும் ஏறியிருக்கிறது. என் கணிப்பு 90,000 டாலர், பத்தாயிரம் கூடலாம் குறையலாம்.

சரி, அதை ரூபாய்க்கு மாற்றினால் முடிந்ததா? இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். உங்கள் சரக்குக்கு சிஐஎஃப் (பொருள் விலை, இன்சூரன்ஸ், கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த மதிப்பு) என்று பில் போடுவீர்களே, காருக்கும் அந்த மதிப்பில்தான் வரி தொடங்கும். அது 100 ரூபாய் என்றால் சுங்கவரி 70, விவசாய செஸ் 40, சேர்த்து 210 ஆகிறது, அதன் மேல் ஜிஎஸ்டி 40 சதவீதம் போட்டால் 294. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 2016இல் மஸ்டாங் ஜிடி 65 லட்சத்துக்கு இங்கே வந்தபோதும் இதே கதைதான், அமெரிக்காவில் அதன் தொடக்க விலை 33,000 டாலரை ஒட்டித்தான் இருந்தது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள்வரி 20 சதவீதம், ஆக மொத்தம் 350 தாண்டும். டாலர் 88 ரூபாய் என்று வைத்தால் 90,000 டாலர் வண்டி ஷோரூமில் 2.3 கோடி, ரோட்டில் இறங்கும்போது 2.8 கோடி, இன்சூரன்ஸ் தனி. பாண்டிச்சேரி நம்பர் போட்டு மிச்சம் பிடிக்கலாம் என்பார்கள், ஆம்பூரில் வைத்தே ஓட்டினால் வரி இங்கேதான் கட்டவேண்டும்.

பிறகு எப்படி ஒன்றரைக் கோடி? மதிப்பைக் குறைத்துக் காட்டித்தான் இறக்கவேண்டியிருக்கும். அப்படி வந்த வண்டியைச் சுங்கத்துறை பின்னாளில் பறிமுதல் செய்தால் உங்களுக்குக் காரும் இல்லை, பணமும் இல்லை. ஏற்றுமதித் தொழிலில் இருக்கும் உங்களுக்கு அந்தத் தலைவலி தெரியாததல்ல.

விலைக்கும் முன்னால் கேட்கவேண்டியது ஒன்று உண்டு: ஸ்டியரிங் வலப்பக்கம் வருமா? 2015 மாடலிலிருந்து மஸ்டாங்கை அப்படியும் தயாரிக்கிறார்கள், ஆனால் எல்லா வகையிலும் இல்லை. 2020 ஜிடி500 இடப்பக்க ஸ்டியரிங்கோடு மட்டுமே வந்தது, அதைப் புதிதாக இறக்கி உங்கள் ஆர்டிஓவில் பதியமுடியாது. புது வண்டிக்கும் அதே நிலை என்றால் விலை பேசுவதே வீண். வலப்பக்கம் உண்டு என்று ஃபோர்டு அறிவிக்கட்டும், அப்புறம் புரோக்கரிடம் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்குச் சுங்கத்துறையிடம் கொடுக்கும் கணக்குப் படிவம்) யார் பெயரில், எந்த மதிப்புக்குப் போடுவார் என்று எழுத்தில் கேளுங்கள்.