ஒற்றை நாற்று நடவு லாபம் என்றால் சிறு விவசாயிகள் ஏன் தயங்குகிறார்கள்?

விதையும் தண்ணீரும் மிச்சமாவது உண்மைதான். ஏக்கருக்கு 30 கிலோ விதைத்த இடத்தில் செம்மை நெல் சாகுபடி எனப்படும் இந்த ஒற்றை நாற்று நடவுக்கு 2, 3 கிலோ போதும். 1980களில் மடகாஸ்கரில் உருவான இந்த முறையைத் தமிழகத்தில் ‘ராஜராஜன் 1000’ என்று பெயரிட்டே பரப்பினார்கள். ஆனால் விதைக் கணக்கை மட்டும் பார்த்தால் போதாது, ஆள் கணக்கையும் பார்க்க வேண்டும்.

14 நாள் நாற்றில் மூன்று இலைதான் விட்டிருக்கும். வேர் மண் உதிராமல் எடுத்து, கயிறு பிடித்து, சாணுக்கு ஒன்றாக வைக்க வேண்டும். முற்றிய நாற்றைக் கொத்தாக நட்டுப் பழகிய கைகளுக்கு இது புது வேலை. ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி பேசும் நடவுக் குழு, நேரம் கூடினால் கூலியையும் கூட்டிக் கேட்கும், அது நியாயமும்கூட. பிறகு கோனோவீடர், அதாவது வரிசைகளுக்கு நடுவே கையால் தள்ளும் களைக்கருவி. களிமண் வயலில் அதைத் தள்ளினால் தோள்பட்டை விட்டுப்போகும்.

இந்த முறையில் நீரைத் தேக்காமல், வயலைக் காயவிட்டுக் காயவிட்டுக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட, மடை நம் கையில் இருக்க வேண்டும். ஆழ்துளைக் கிணறு உள்ளவருக்கு அது எளிது. முறை வைத்து வரும் வாய்க்கால் நீரை நம்பியிருக்கும் கடைமடை விவசாயி, வந்த நீரைத் தேக்கி வைக்கத்தான் பார்ப்பார். அடுத்த முறை வராவிட்டால் அவருடைய ஒரே ஏக்கரும் போய்விடும். இதை அறியாமை என்று சொல்பவர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது.

செம்மை நெல் சாகுபடி முறை முழுவதையும் ஏற்காமல், இள நாற்றையும் வரிசை நடவையும் மட்டும் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. நாற்றைப் பாய்போலப் பெயர்த்தெடுக்கும் பாய் நாற்றங்கால் விட்டு இயந்திரத்தால் நடுபவர்களும் இருக்கிறார்கள். என் கணக்கில் இவர்களும் மாறியவர்கள்தான்.