கன்னியாகுமரி மாவட்டத்தில் வாத்தியம் வாசித்து மட்டும் குடும்பம் நடத்த முடியுமா?

டிப்ளமோ முடித்த தம்பி வேலை தேடாமல் கீபோர்டோடு சுற்றுகிறான், கோயில் திருவிழாவான கொடைக்கும் சர்ச் விழாவுக்கும் வாசித்தே பிழைத்துக்கொள்வேன் என்கிறான், அவனை நம்பி விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் கீபோர்டு வாசிக்கிறவன்தான். வில்லடித்துச் சாமி கதை பாடுகிற வில்லிசைக் குழுவுக்கு வாசிப்பேன், கல்யாண வரவேற்பில் ஆர்கெஸ்ட்ராவோடு உட்காருவேன், டிசம்பரில் கேரல் பாடுகிற பிள்ளைகளோடு வண்டியிலும் ஏறுவேன். பகலில் ஒரு பெயின்ட் கடையில் கணக்கு எழுதுகிறேன். வாசிப்பை மட்டும் நம்பி அடுப்பெரிகிற வீடுகள் எங்கள் பக்கம் மிகக் குறைவு. அதற்குக் கூலி குறைவு என்பது மட்டும் காரணமில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வேலை எப்போது வருகிறது என்று பாருங்கள். பங்குனி, சித்திரையில் கொடை சூடுபிடித்துவிடும். இசக்கியம்மன், சுடலைமாடன், முத்தாரம்மன் என்று ஊருக்கு ஊர் கோயில். பெரும்பாலும் செவ்வாய், வெள்ளி என்று கிழமை பார்த்துத்தான் நாள் குறிப்பார்கள். ஒரே வெள்ளிக்கிழமைக்கு நாலு ஊரிலிருந்து போன் வரும், அடுத்த வாரம் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் எங்களுடையது. ஜூனில் ஒரு தடவை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அக்டோபர், நவம்பரில் மறுபடியும் உட்கார வேண்டும். ஆடியில் அம்மன் கோயில்களில் வேலை உண்டு, கல்யாணம் கிடையாது. மார்கழியில் இந்துக் கல்யாணம் நிற்கும், அந்த நேரம் கிறிஸ்துமஸ் கைகொடுக்கும். தவக்காலம் தொடங்கினால் கிறிஸ்தவக் கல்யாணங்கள் ஈஸ்டர் வரைக்கும் நின்றுபோகும்.

கோயிலும் சர்ச்சும் அடுத்தடுத்த தெருவில் இருக்கிற மாவட்டம் என்பதால் ஒன்று விட்டால் ஒன்று என்று ஓட்டுகிறோம். அதற்குக் கையும் அப்படிப் பழகியிருக்க வேண்டும். வில்லிசைக்காரர் எந்தச் சுருதியில் கதையை எடுத்தாலும் கூடவே போகவேண்டும், ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனைக்கு வாசிக்கவேண்டும், கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கம் கல்யாணம் என்றால் பழைய மலையாளப் பாட்டு ஒரு டஜனாவது விரலில் இருக்கவேண்டும். சினிமாப் பாட்டு மட்டும் தெரிந்த பையன் வருஷத்தில் பாதி நாள் சும்மா இருப்பான். உங்கள் தம்பியிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

சரி, ஒரு கொடைக்கு என்ன கிடைக்கும்? எங்களைப்போல நடுத்தரமான வில்லிசைக் குழுவுக்கு இரண்டு ராத்திரிக்கு 30,000 ரூபாய் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்கிறவருக்கு நல்ல தொகைதான். வில்லில் உட்கார்ந்து கதை சொல்லும் தலைமைப் பாடகர், பின்பாட்டு, உடுக்கை, குடம், ஜால்ரா, கட்டை, இப்போது அதோடு கீபோர்டு, ரிதம் பேட் என்று எட்டுப் பேர். வேனுக்கும் டிரைவர் பேட்டாவுக்கும் ஐயாயிரம் போகும். புரோகிராம் பிடித்துத் தந்தவருக்கு இரண்டாயிரம். மிச்சம் இருபத்து மூவாயிரத்தில் தலைமைப் பாடகருக்கு இரண்டு பங்கு, மற்றவர்களுக்கு ஒவ்வொரு பங்கு. என் கைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு சொச்சம் வரும். இரண்டு ராத்திரித் தூக்கமும் போய், நடுவில் மத்தியானப் பூசையான உச்சிக்கொடைக்கும் வாசித்து வாங்குகிற காசு இது. கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறவருக்கும் இரண்டு நாளில் கிட்டத்தட்ட இவ்வளவு வந்துவிடும், மூன்றாம் நாளும் அவருக்கு வேலை இருக்கும்.

கதை நடக்கும்போது அன்பளிப்பு வரும். யாராவது ஐம்பதோ நூறோ துண்டுச்சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தனுப்புவார்கள், தலைமைப் பாடகர் பாட்டுக்கு நடுவிலேயே அந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்லி வாழ்த்துவார். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் தாராளமாக வரும். எத்தனையோ கொடைகளில் வழியில் சாப்பிட்ட சாப்பாட்டுச் செலவை அதுதான் கட்டியிருக்கிறது.

என்னைக் கேட்டால் இந்தத் தொகைகூட இரண்டாம்பட்சம். எங்களை அரிக்கிற விஷயம் ‘நம்ம ஊர்ப் பையன்தானே’ என்கிற பேச்சு. கமிட்டித் தலைவர் உறவுக்கு மாமா, பொருளாளர் கூடப் படித்தவனுக்கு அண்ணன். இவர்களிடம் அச்சாரம் கேட்க நாக்கு எழாது. கேட்டாலும், ‘எங்க ஓடிரப் போறோம், நம்ம கோயிலு தானேடே’ என்பார்கள். அதே கமிட்டி கேரளத்திலிருந்து செண்டைமேளம் பேசும்போது பாதிப் பணத்தை முன்கூட்டியே அனுப்பிவிடும், மேளம் முடிந்து அவர்கள் வண்டி ஏறும் முன் மீதியையும் எண்ணிக் கொடுத்துவிடும். செண்டைக்காரர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவர்களும் தோளில் அவ்வளவு பாரத்தைத் தொங்கவிட்டு மணிக்கணக்காக நின்று அடிக்கிறவர்கள். வெளியூர்க்காரனிடம் வாக்குத் தவறினால் கௌரவம் போய்விடும், ஊர்க்காரனிடம் தவறினால் ஒன்றும் ஆகாது என்கிற கணக்குத்தான் எனக்கு வலிக்கிறது.

அகஸ்தீஸ்வரம் பக்கம் ஒரு கோயிலில் நடந்ததைச் சொல்கிறேன். நடுச்சாமப் பூசையான சாமக்கொடை முடிந்து, மங்களம் பாடி, வில்லை அவிழ்த்துத் துணியில் சுற்றியாகிவிட்டது. விடிகிற நேரம். வேன் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டார். பொருளாளர் பந்தல் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் நோட்டுப் புத்தகம், அதற்குள் பத்தும் இருபதும் ஐம்பதுமாகத் வீடுவீடாகப் பிரித்த தலைக்கட்டு வரிப் பணம். எச்சில் தொட்டு எண்ணினார், பிறகு திரும்ப எண்ணினார். கடைசியில் ஒரு தட்டில் வெற்றிலை, ஒரு சீப்புப் பழம், ஒரு தேங்காய், அதன்மேல் பேசியதில் பாதிப் பணத்தை வைத்து எங்கள் தலைமைப் பாடகியிடம் நீட்டினார். ‘வரி பாக்கி கெடக்கு மக்களே, பிரிஞ்ச ஒடனே வீட்டுலயே கொண்டு தந்திருவோம்.’ அக்கா தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ‘சரி அண்ணாச்சி’ என்றார். சாமி சந்நிதியில் தட்டில் வைத்துக் கொடுத்ததைக் குறை என்று எப்படிச் சொல்வது? வேனில் வைத்து எங்கள் எல்லாருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்தார், குடம் அடிக்கிறவருக்கு மட்டும் முழுசாகக் கொடுத்தார், அவர் மகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டவேண்டியிருந்தது. மீதிப் பணம் ஆடி கழிந்துதான் வந்தது.

அதே கோயிலுக்கு மறுவருஷமும் போனோம். போகாமல் எங்கே போவது? அங்கே பார்த்தவர்கள்தான் அடுத்த ஊருக்குச் சொல்லி வேலை வாங்கித் தந்தார்கள். எங்களுக்கு விளம்பரம் கிடையாது, தெரிந்தவர் சொல்லித்தான் அடுத்த வேலை. உறவும் கூலியும் ஒரே முடிச்சில் கிடப்பதால் எங்களால் கறாராகப் பேச முடிவதில்லை.

சர்ச்சில் வேறு மாதிரி. ஞாயிறு ஆராதனைக்குக் கீபோர்டு வாசிப்பது ஊழியம், அதற்குக் காசு கேட்கக் கூடாது என்பது எழுதாத வழக்கம். நானும் கேட்டதில்லை, எனக்கு விரல் பழகியதே கொயரில்தான். ஆனால் சபைக்கு வெளியே, ஒரு வீட்டுக் கல்யாண வரவேற்புக்கு மூன்று நாள் ரிகர்சலோடு கூப்பிட்டுவிட்டு ‘ஆண்டவருக்காகச் செய்யுங்கள் தம்பி’ என்கிறபோது மனம் கஷ்டப்படும். பந்தல் போட்டவருக்கும் பிரியாணி வைத்தவருக்கும் அங்கே முழுத் தொகை போயிருக்கும்.

ராத்திரி பத்து மணிக்கு மேல், காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. தூங்குகிறவர்கள், படிக்கிற பிள்ளைகள், நோயாளிகள் இருக்கிறார்கள், விதி நியாயமானது. ஆனால் கொடையின் உயிரே நடுச்சாமத்தில்தான் இருக்கிறது. கதையில் சாமி பிறந்து, வளர்ந்து, வரம் வாங்கி வருகிற இடத்துக்கு வில்லிசைக்காரர் சரியான நேரத்தில் வந்து சேரவேண்டும், அப்போதுதான் சாமியாடிக்கு அருள் வரும். முன்பெல்லாம் விடிய விடிய இழுத்துப் பாடிய கதையை இன்று பல ஊர்களில் சுருக்கச் சொல்கிறார்கள். நேரம் சுருங்கினால் தொகையும் சுருங்கும். கொஞ்சம் முன்னேறிய கமிட்டிகள் முறையாக அனுமதி வாங்கி நேரத்தை முன்பே சொல்லிவிடுகின்றன, அங்கே எங்களுக்கும் நிம்மதி. அனுமதி வாங்காத ஊரில் போலீஸ் ஜீப் வந்தால் முதலில் அணைவது எங்கள் மைக்.

ஆர்கெஸ்ட்ரா வேலை இன்னும் மோசமாகக் குறைந்திருக்கிறது. பத்துப் பேர் ஏறிய மேடையில் இப்போது இரண்டு பாடகர்களும் ஒரு லேப்டாப்பும் போதும், பாட்டுக்குப் பதிவு செய்த பின்னணி இசை, டிராக், ரெடியாக இருக்கிறது. இதைக் குறைசொல்ல எனக்கு முழு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒரு காலத்தில் ஆர்மோனியமும் தபேலாவும் இருந்த இடத்துக்குத்தான் நானும் பேட் வாசிக்கிற தம்பியும் வந்தோம். நையாண்டி மேளத்தில் தவில் வாசிக்கிற பெரியவர்களைக் கேட்டால் அவர்களிடம் இன்னும் நீளமான கணக்கு இருக்கும்.

வாத்தியச் செலவையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மேடைக்குத் தாங்குகிற கீபோர்டு வேண்டுமென்றால் அரை லட்சம் வரை ஆகும், ஸ்டாண்டு, பெட்டி, கேபிள் தனி. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றில் வாசித்து வாசித்துச் சில கட்டைகள் ஊமையாகிவிடும். கழற்றிப் பார்த்தால் அடியில் இருக்கிற ரப்பர் காண்டாக்டில் அழுக்கும் உப்பும் ஏறியிருக்கும். ஒரு தரம் துடைத்தால் சரியாகும், அடுத்த தரம் மாற்றத்தான் வேண்டும். சீசன் நடுவில் இப்படி ஆனால் நண்பனிடம் இரவல் வாங்கி ஓடுவோம்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இன்று குமரியிலும் நெல்லையிலும் பல வில்லிசைக் குழுக்களுக்குத் தலைமை பெண்கள்தான். கதை அவர்கள் வாயில் கேட்கவேண்டும் என்று தேடிவந்து புக் செய்கிறார்கள். ஆனால் அந்த அக்கா பட்டுச்சேலை மாற்ற ஒரு அறை, கழிவறை என்று எத்தனை கமிட்டி யோசிக்கிறது? கோயில் பக்கத்து வீட்டில் கேட்டுத்தான் போகவேண்டியிருக்கிறது. விடியற்காலை வீடு திரும்பினால் சமையல், பிள்ளைகள், மறுபடி சாயங்காலம் வேன். ஆண்கள் நாங்களாவது பகலில் விழுந்து தூங்குகிறோம்.

சேமிப்பு இல்லாத தொழிலில் ஒரு அடி விழுந்தால் என்ன ஆகும் என்பதை இரண்டு தடவை பார்த்தோம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தது. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத கரைகளில் அந்த டிசம்பரில் பாட்டு, கேரல் என்று யார் பேசுவார்கள்? எங்களுக்கும் வாசிக்க மனம் இல்லை. அப்புறம் 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. சரியாகப் பங்குனிக் கொடை தொடங்குகிற நேரம். வருஷச் சம்பாத்தியத்தின் பெரிய பகுதி அந்த இரண்டு, மூன்று மாதத்தில்தான் வரும் என்பதால் வருஷமே போனது. உடுக்கைக்காரர் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போனார், இன்றும் விடிகாலையில் வெட்டிவிட்டுத்தான் வில்லுக்கு வருகிறார்.

அரசு உதவி இல்லாமல் இல்லை. 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் வந்தது, வில்லிசை, மகுடம் என்கிற தோல்வாத்தியம், நையாண்டி மேளம் வாசிக்கிறவர்கள் அதில் பதிவு செய்துகொள்ளலாம். வயதாகி நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் வழியாக மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. எத்தனையோ மூத்தவர்கள் இதற்கு விண்ணப்பிக்கவே இல்லை. நிகழ்ச்சி நடத்திய ஆதாரம் கேட்டால் காட்ட ஒரு நோட்டீஸ்கூட எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். உங்கள் தம்பி இந்தத் துறைக்கு வந்தால், பெயர் அச்சான கொடை நோட்டீஸ் ஒவ்வொன்றையும் பைலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

இனி அவனுக்கு. கடன் வாங்கிப் புதுக் கீபோர்டு எடுத்துக் கொடுக்காதீர்கள், நல்ல செகண்ட் ஹேண்ட் போதும். பங்குனி முதல் வைகாசி வரை ஒரு குழுவோடு விடுங்கள், வந்த காசையும் வராத காசையும் அவனே ஒரு நோட்டில் எழுதட்டும். டிப்ளமோவை வீணாக்க வேண்டாம், ஷிப்ட் மாற்றிக்கொள்ள விடுகிற வேலையாகப் பார்த்துச் சேரட்டும். பிள்ளைகளுக்குக் கீபோர்டு வகுப்பு எடுக்கலாம், மேற்கத்திய இசைக் கிரேடு பரீட்சைக்குத் தயார் செய்யச் சொல்லி நாகர்கோவில், மார்த்தாண்டத்தில் கேட்கிற பெற்றோர் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் எனக்குச் சோறு போடுவது அந்த வகுப்புகள்தான். நாலு பாட்டு வாசிக்க வந்தாலே வகுப்பு எடுத்துவிடலாம் என்று நினைக்காமல் மேற்கத்திய இசையைக் கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனையும் முறையாகப் படிக்கட்டும்.

முக்கியமாக, முதல் புரோகிராமிலிருந்தே அச்சாரம் வாங்கப் பழகட்டும். மாமாவாக இருந்தாலும் சரி, பங்குத்தந்தையாக இருந்தாலும் சரி, சிரித்த முகத்தோடு கேட்கட்டும். தொகை, நேரம், சாப்பாடு, மீதி எப்போது என்பதை வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டால் போதும். நாங்கள் பத்து, இருபது வருஷமாகக் கேட்காமல் இருந்துவிட்டோம், இப்போது திடீரென்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். புதிதாக வருகிறவனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. உங்கள் ஊர்க் கமிட்டியில் நீங்களோ வீட்டுப் பெரியவர்களோ இருந்தால், அடுத்த கொடைக்கு உள்ளூர்க் குழுவுக்கும் செண்டைக்காரர்களுக்குக் கொடுக்கிற மாதிரியே பாதியை முன்னால் கொடுக்கச் சொல்லிப் பேசிப் பாருங்கள்.