புது லப்டொப்புக்கும் பழைய லப்டொப்புக்கும் ஒரே லினக்ஸ் சரிவருமா?

கேள்வி இதுதான்: "தம்பி இந்த வருடம் கம்பஸ் போகிறான். காசு மிச்சம் பிடிக்க விண்டோஸ் இல்லாத புது லப்டொப் ஒன்று எடுத்தோம். வீட்டில் அப்பாவின் 2015 லப்டொப்பும் கிடக்கிறது. அதன் விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் இல்லையாம். இரண்டிலும் லினக்ஸ் போட யோசனை. எங்கள் வீட்டில் எல்லோருக்குமே இது புதிது. மின்ட் நம்பிக்கையானது என்கிறார் ஒருவர், புது மெஷினுக்கு ஃபெடோராதான் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?"

லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இயங்குதளம்; மின்ட், ஃபெடோரா இரண்டும் அதன் வகைகள். இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆளுக்கொரு மெஷினை மனதில் வைத்துக்கொண்டு கதைக்கிறார்கள், அவ்வளவுதான். அப்பாவின் லப்டொப்பில் கண்ணை மூடிக்கொண்டு மின்ட் போடுங்கள். தம்பியுடையதில், மின்ட்டின் ஆகக் கடைசிப் பதிப்பை முதலில் யுஎஸ்பியிலிருந்து ஓட்டிப் பாருங்கள். எல்லாம் வேலை செய்தால் அதுவே போதும். ஏதாவது ஒன்று முரண்டு பிடித்தால் மட்டும் ஃபெடோரா.

நான் இதைப் பட்டுத்தான் படித்தேன். 2023 மே மாதம், சித்தியின் மகனுக்கு லப்டொப் எடுக்க பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போனோம். விலையெல்லாம் எகிறியிருந்த நேரம், அதனால் உங்களைப் போலவே விண்டோஸ் இல்லாததாகப் பார்த்து எடுத்தோம். வெள்ளவத்தையில் சித்தி வீட்டு சாப்பாட்டு மேசையில் வைத்து, நான் தினமும் பாவிக்கிற மின்ட் 21.1-ஐப் போட்டேன். இருபது நிமிடத்தில் முடிந்தது. சித்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு பெடியன் கேட்டான், "அண்ணா, வைஃபை எங்கே?"

மூலையில் இருந்த நெட்வேர்க் அடையாளத்தை அழுத்தினேன். வைஃபை என்ற சொல்லையே காணோம். அணைந்து கிடக்கிறது என்றால் போட்டுவிடலாம். அப்படி ஒரு சாமான் இந்த மெஷினுக்குள் இருப்பதே அதற்குத் தெரியவில்லை.

உள்ளே இருந்தது 8852பிஇ என்ற எண்ணுள்ள வைஃபை 6 சிப். அதை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலுக்குள் வந்தது 6.2 பதிப்பில், அதாவது 2023 பெப்ரவரியில். நான் போட்ட மின்ட் 21.1 நின்றதோ 5.15 கேர்னலில். அது 2021 ஒக்டோபர் மாதத்து ஆள். 2021-இல் அச்சடித்த டெலிபோன் டிரெக்டரியில், அதற்குப் பிறகு குடிவந்தவரின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தோம்.

விண்டோஸில் பழகியவர்களுக்கு இந்த இடம் குழப்பும். அங்கே டிரைவர் இல்லையென்றால் கம்பனியின் தளத்துக்குப் போய் இறக்கிப் போடுவோம். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கேர்னலோடு சேர்ந்தே வரும். அதனால்தான் பழைய மெஷின் ஒன்றில் போட்டால் எதையும் தேடாமல் சவுண்ட், வைஃபை, கமெரா எல்லாம் தானாக வேலை செய்கிறது. அதே காரணத்தால்தான் நேற்று சந்தைக்கு வந்த சிப்புக்கு நேற்றைய கேர்னல் வேண்டியிருக்கிறது. கிராஃபிக்ஸ் என்றால் கேர்னல் மட்டும் போதாது, மேசா என்ற இன்னொரு அடுக்கும் புதிதாக இருக்க வேண்டும். சில சிப்புகளுக்கு, அவற்றுக்குள்ளேயே ஏற்றப்படும் ஃபேர்ம்வேர் என்ற கோப்பும் தனியாக வேண்டும்.

அன்று இரவு போனை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போட்டு இணையம் எடுத்தேன். (இதை மறக்காதீர்கள், வைஃபை இல்லாத லினக்ஸுக்கு இதுதான் முதலுதவி.) மின்ட்டின் அப்டேட் மனேஜரில் வேறு கேர்னல்களைத் தெரிவுசெய்ய ஒரு பக்கம் உண்டு, ஆனால் அந்த மே மாதத்தில் 6.2 அங்கே வந்திருக்கவில்லை. டிரைவரின் மூலநிரலை இறக்கி நானே கம்பைல் பண்ணலாம்தான். கேர்னல் மாறும்போதெல்லாம் அதுவும் சரிவர வேண்டும், பிரச்சினை வந்தால் பெடியன் என்ன செய்வான்? பத்து மணிக்கு மேல் ஃபெடோரா 38-ஐ இறக்கினேன். அந்த ஏப்ரலில்தான் வெளிவந்திருந்தது, கேர்னல் 6.2. யுஎஸ்பியிலிருந்து ஓட விட்டதுமே பக்கத்து வீட்டு ரவுட்டர்களின் பெயரெல்லாம் வரிசையாக வந்து நின்றன.

இதில் நான் விளங்கிக்கொண்டது, மின்ட் போன்றவற்றுக்குச் சொல்கிற "ஸ்டேபிள்" என்ற சொல்லுக்குப் பிழையே இல்லை என்று பொருள் கிடையாது. மாறாது என்று மட்டும்தான் பொருள். எல்லாம் வேலை செய்கிற மெஷினில் அது பெரிய வரம். முதல் நாள் வேலை செய்யாத வைஃபையோ, ஐந்து வருடமும் ஸ்டேபிளாக வேலை செய்யாமலே கிடக்கும்.

அதற்காக ஃபெடோராவை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 13 மாதம்தான் ஆதரவு. வருடத்துக்கு ஒரு முறையாவது பெரிய அப்கிரேட் செய்தே ஆகவேண்டும். நடுவில் புதுக் கேர்னல்களும் வந்துகொண்டே இருக்கும். ஒரு பரீட்சைக் கிழமையில் பெடியன் போன் எடுத்தான்: மூடியைத் திறந்தால் திரை கறுப்பு, லைட் மட்டும் எரிகிறதாம். முந்தின நாள் வந்த கேர்னல்தான் காரணம். ஃபெடோரா கடைசி மூன்று கேர்னல்களை வைத்திருக்கும் என்பதால் பூட் மெனுவில் பழையதைத் தெரிவுசெய்யச் சொன்னேன், சரியாகிவிட்டது. அடுத்த அப்டேட்டோடு அந்தக் கோளாறும் போய்விட்டது. ஆனால் அவனுக்கு நான் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறேன். உங்கள் தம்பிக்கு யார் இருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். ஃபெடோராவின் அப்டேட்கள் அடிக்கடி வரும், டேட்டாவும் நன்றாகச் சாப்பிடும். வீட்டில் 4ஜி ரவுட்டரும் அளவுள்ள பக்கேஜும் என்றால், இரவு டேட்டா இருக்கும் நேரமாகப் பார்த்து எடுக்கப் பழக்குங்கள். பிறகு, காப்புரிமைச் சிக்கல் உள்ள சில கோடெக்குகளை (வீடியோக்களை ஓட வைக்கும் நிரல்களை) ஃபெடோரா தன்னோடு தருவதில்லை. ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற மென்பொருள் களஞ்சியத்தை நாமே சேர்க்க வேண்டும். பத்து நிமிட வேலைதான், ஆனால் புதியவருக்கு அந்தப் பத்து நிமிடமே ஒரு தலையிடி.

நல்ல செய்தி, இந்த இழுபறி முன்பைப் போல இல்லை. மின்ட் முன்பெல்லாம் ஒரு தொடர் முழுக்க ஒரே கேர்னலில் நிற்கும், புது மெஷின்காரருக்கென்று எட்ஜ் என்ற தனிப் பதிப்பு ஒன்றை வெளியிடும். மின்ட் கட்டப்பட்டிருப்பது உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுள்ள) பதிப்பின் மேல்; 22 தொடரிலிருந்து அந்தப் பதிப்பின் புதுப்பிக்கப்பட்ட கேர்னல் வரிசையையே பின்பற்றுகிறார்கள். 2024-இல் மின்ட் 22 வந்தது 6.8 கேர்னலுடன், 2025 செப்டம்பரில் 22.2 வந்தது 6.14 கேர்னலுடன். அடித்தளம் அதே உபுண்டு 24.04, 2029 வரை ஆதரவு. அதாவது திரையில் தெரிகிற டெஸ்க்டொப், மெனு, செயலிகள் எதுவும் உங்களைக் கேட்காமல் மாறாது, அடியில் இருக்கிற கேர்னல் மட்டும் வயதைக் குறைத்துக்கொள்கிறது. மின்ட் 22 வருமுன் கேட்டிருந்தால் தம்பிக்கு நேரே ஃபெடோரா என்றிருப்பேன். இன்று முதலில் மின்ட்டைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அப்பாவின் லப்டொப்புக்கு வருவோம். விண்டோஸ் 10-இன் ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஒரு வருடம் இழுத்தடிக்க ஒரு திட்டம் உண்டு, ஆனால் விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் கேட்பதால் 2015 மெஷின் வாசலிலேயே நின்றுவிடும். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு சிப்பையும் லினக்ஸுக்குப் பத்து வருடமாகத் தெரியும். புதுக் கேர்னலால் அதற்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதற்குச் செய்ய வேண்டிய செலவு ஒன்றுதான்: பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி. எந்த லினக்ஸ் என்ற வாதத்தைவிட அது தரும் வித்தியாசம் பெரிது.

நம் ஊரில் நம்பகம் என்றால் கரண்ட் சமாசாரமும் சேர்த்திதான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை வெட்டிய நாட்கள் நினைவிருக்கும். கொட்டாஞ்சேனையில் பெரியப்பாவின் லப்டொப்பில் பேட்டரி செத்து வருடக்கணக்கு, வயரில்தான் ஓடும். அப்டேட் பாதியில் கரண்ட் போனது. திரும்ப வந்தபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து நாலு வரி, கடைசியில் அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்று ஒரு சொல், பக்கத்தில் மினுங்குகிற கோடு. "தம்பி, வைரஸ் வந்திட்டுது" என்று போன். டிஸ்க்கைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொல்லி அடிக்க வைத்தேன், கேட்டதற்கெல்லாம் ஆம் போடச் சொன்னேன். டெஸ்க்டொப் வந்தது. பாதியில் நின்ற அப்டேட்டை மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்ட்டில் முந்தின நாள் நிலைக்குத் திருப்பினோம். ஆகவே மின்ட் போட்ட அன்றே டைம்ஷிஃப்ட்டை ஒழுங்குபடுத்திவிடுங்கள். அது சிஸ்டம் கோப்புகளைத்தான் காக்கும், அப்பாவின் படங்களை வேறொரு டிஸ்க்கில் தனியாகப் பிரதி எடுக்க வேண்டும்.

உபுண்டு? எல்டிஎஸ் பதிப்பென்றால் தாராளமாகப் போடலாம், ஐந்து வருட ஆதரவு. இடையில் வரும் ஒன்பது மாதப் பதிப்புகள் வேண்டாம். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் 13ஆம் பதிப்பு 2025 ஓகஸ்டில் 6.12 கேர்னலுடன் வந்தது, அருமையானது, ஆனால் முதல் லினக்ஸாக நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

அப்பா தமிழில் தட்டச்சு செய்பவரா? ரெங்கநாதன் விசைப்பலகையும் தமிழ்99-உம் ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சுப் பொதியைச் சேர்த்தால் கிடைக்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவிலேயே ஊறியவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், கேர்னலைவிடப் பெரிய சண்டை அங்கேதான் வரும்.

கடைசியாக, சோதிக்கும் முறை. இறக்க வேண்டிய கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. யுஎஸ்பியில் எழுதி, நிறுவாமல் ஓட்டி, அரை மணிநேரம் பாவியுங்கள். வைஃபை வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் எழும்புகிறதா, வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடிகிறதா, மைக்கில் குரல் பதிகிறதா. கைரேகை வேலை செய்யாவிட்டால் கவலைப்படாதீர்கள். என்விடியா கிராஃபிக்ஸ் சிப் இருந்தால் நிறுவிய பிறகு டிரைவர் மனேஜரில் போட்டுக்கொள்ளலாம். செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு இயங்குகிறதென்றால் ஒரு கடவுச்சொல் கேட்டு, மீண்டும் தொடங்கும்போது நீலத் திரை ஒன்று வரும், அதைத் தவறவிடாதீர்கள்.

இப்போது நான் வாங்கப் போகும்போதே யுஎஸ்பி ஸ்டிக்கோடுதான் போகிறேன். போன முறை கடைக்கார நானாவிடம், "நானா, அஞ்சு நிமிஷம் இதுல போட்டுப் பாக்கலாமா?" என்றேன். "ஓஎஸ் இல்லாத மெஷின்தானே தம்பி, பாருங்க" என்று கதிரையையும் இழுத்துப் போட்டார். முதலாவது மெஷினில் வைஃபை வரவில்லை, இரண்டாவதில் வந்தது, இரண்டாவதை எடுத்தோம். உங்கள் தம்பியுடையதை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், பரவாயில்லை. யுஎஸ்பியில் ஓட்டிப் பார்த்துவிட்டு வைஃபை சிப்பின் எண்ணைக் கீழே எழுதுங்கள், எந்தக் கேர்னல் வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.